தேராமையும் ஊழும்: சிலப்பதிகார நீதி குறித்த ஒரு மறுநோக்கு

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை பயிற்றுவிக்கப்படும் வகுப்பறைகளில் ஒரு முடிபு ஏறத்தாழ மாற்றமின்றிச் சொல்லப்பட்டு வருகிறது. பாண்டியன் பிழைத்தான், பிழை என்று அறிந்த கணமே உயிர் நீத்தான், உயிர் நீத்தமையால் வளைந்த அவன் கோல் நிமிர்ந்தது. தேர்வு விடைத்தாள்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் ஆய்வேடுகளின் முடிவுரைகளிலும் இதுவே தமிழரின் நீதியுணர்வுக்குத் தலையாய சான்றாக நிறுத்தப்படுகிறது. இம்முடிபு காப்பியத்தில் இல்லாதது அன்று. ஆயின் காப்பியத்தில் அது யாருடைய கூற்று என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

அக்கூற்று காட்சிக் காதையில் (25) இடம்பெறுகிறது. மலைவளம் காணச் சென்ற செங்குட்டுவனுக்கு மதுரையில் நிகழ்ந்தவற்றைச் சாத்தனார் எடுத்துரைக்கிறார். அதனைக் கேட்ட சேரனே, வினை வளைத்த கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்தியது என்கிறான். அடுத்து அவன் பேசுவது அரசராகப் பிறத்தலின் துன்பம் பற்றி: மழை பொய்த்தால் அச்சம், உயிர்கள் துன்புற்றால் அச்சம், கொடுங்கோலுக்கு அஞ்சி வாழ்தல் என அது விரிகிறது. பின்னர்த் தன் தேவியை நோக்கி, கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நீதி கேட்டு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவர் யார் என வினவுகிறான். கோவலன் எவ்வாறு கொல்லப்பட்டான், அக்கொலைக்கு வழிவிட்ட நடைமுறை யாது என்பன அவையில் எழவில்லை. ஓர் அரசன் இன்னோர் அரசனுக்கு வழங்கிய மதிப்பீடு இது. முடிசூடியவர்க்கு முடிசூடியவர் மீது தோன்றும் பரிவு அதில் இயல்பாகவே கலந்துள்ளது. இதனைப் பிற்காலம் இளங்கோவடிகளின் தீர்ப்பாகவே கொண்டுவிட்டது. ஒரு பாத்திரத்தின் கூற்றைக் காப்பியத்தின் கொள்கையாக ஏற்றதனால் அறம், நம்பிக்கை, அதிகாரம் ஆகிய மூன்றும் முரண்படும் இடங்கள் பல பார்வைக்கு வாராமல் போயின.

ஆணையின் அமைப்பு

முதலில் நோக்கத்தக்கது கொலைக்களக் காதையில் (16) பாண்டியன் பிறப்பிக்கும் ஆணை. ஆடல் மகளிரின் கூத்தை அரசன் கண்டு மகிழ்ந்தமையால் ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவைக் காரணமாகக் காட்டி அவையினின்று நீங்குகிறாள். அவளைத் தணிவிக்க அமைச்சரை விட்டு அரசன் விரைகிறான். அவ்வழியிடையே பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, களவுபோன சிலம்போடு கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து, தன் தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு பணிக்கிறான்.

இந்த இடத்திற்கு மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாக ஒரு விளக்கம் சொல்லப்பட்டு வருகிறது. கொல்லுவதற்காகக் கொண்டுவருக என்று சொல்லக் கருதியவன், வினை விளையும் காலம் ஆகையால் கொன்று கொண்டுவருக என்று நா தவறிச் சொல்லிவிட்டான் என்பது அது. சொல்லின் ஓர் எழுத்தில் ஊழைக் குடியேற்றும் இவ்விளக்கம் செவிக்கு இனியது. எனினும் அது ஆணையின் உண்மையான குறையை மறைக்கிறது. அரசன் நிபந்தனை இன்றி ஆணையிடவில்லை. ‘இருக்குமாயின்’ என்ற நிபந்தனை அதில் உள்ளது. ஆகவே ஆராய வேண்டும் என்ற எண்ணம் அவனிடம் அறவே இல்லை என்று கூற இயலாது. ஆராயும் பொறுப்பைத் தன்னிடமிருந்து நீக்கிக் காவலரிடம் விட்டான் என்பதே பொருத்தம். அந்தக் காவலரை அழைத்துச் செல்பவனோ குற்றம் சாட்டியவன். சிலம்பு தேவியுடையதா என்று காட்டுபவனும் அவனே. நா தவறாமல் ‘கொல்ல’ என்றே அரசன் சொல்லியிருந்தாலும், சிலம்பை அடையாளம் காணும் அதிகாரம் அதனைத் திருடியவனிடமே இருந்திருக்கும்.

அமைச்சர் அருகில் இல்லை என்பதும் கருதத்தக்கது. ஆராய்ச்சிக்குரிய அவை ஒன்று இருந்தது. அரசன் அதனைக் கடந்து வந்துவிட்டான். ஒரு குடிமகனின் உயிர் பற்றிய முடிவு அவைக்கும் அந்தப்புரத்துக்கும் இடைப்பட்ட வழியில் எடுக்கப்படுகிறது. காமத்தால் அரசன் கெட்டான் என்று உரைப்போர் உளர். காமம் கெடுத்ததினும் இடம் கெடுத்தது மிகுதி எனலாம். அதிகாரம் தனக்குரிய அவையை விட்டு வெளியே செயற்படத் தொடங்கிய இடம் அது.

எட்டு வகைக் கருவிகள்

ஊர்காப்பாளர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். மதுரையில் அன்று நிகழ்ந்த ஆராய்ச்சி என்று ஏதேனும் உண்டெனில் இத்தயக்கம் ஒன்றுதான். அதனைக் கெடுக்கவே பொற்கொல்லன் களவு நூலை எடுத்துரைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என்று வகுத்து, ஒவ்வொன்றாக விளக்குகிறான்.

இப்பகுதியைக் களவு நூல் பற்றிய பண்பாட்டுச் செய்தித் திரட்டாகவே ஆய்வாளர் பலரும் பயன்படுத்தியுள்ளனர். அதன் வாதமுறை தனியே நோக்கத்தக்கது. கோவலன் கள்வனைப் போலத் தோன்றவில்லை என்பது காவலரின் ஐயம். கள்வன் கள்வனாகத் தோன்றாதிருப்பதற்கே எட்டுத் துணைகள் உள்ளன என்பது கொல்லனின் விடை. இதன்படி, குற்றமின்மைக்கான அறிகுறி எதுவாயினும் அதுவே குற்றத்தின் திறமைக்குச் சான்றாகிறது. இத்தகைய வாதத்தை மறுக்கும் சான்று எதுவும் இருக்க முடியாது. நூலறிவின் தோரணை அதற்கு வலிமை சேர்க்கிறது. பேசுபவனோ பாண்டியன் பெயரால் சிறப்புப் பெற்ற கைவினைஞன். நூற்றுவர் கொல்லர் பின்வர நடப்பவன். அவன் சொல்லுக்கு முன் ஊர்காப்பாளரின் கண்கண்ட காட்சி எடுபடவில்லை.

அடுத்து ஓர் இளைய காவலன், மழைக்கால இருளில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றிக் கூறுகிறான். இவ்வழக்கிற்கும் அந்நிகழ்ச்சிக்கும் தொடர்பு எதுவும் இல்லை. என்றோ தப்பிய ஒருவனின் குற்றம் இன்று அகப்பட்டவன் தலையில் ஏறுகிறது. அவன் கூற்றின் இறுதியே இப்பகுதியின் உயிர்நிலை: வேந்தன் நம்மை ஒறுப்பான், செய்யத்தக்கது இன்னதென்று சொல்லுங்கள் என்கிறான். காவலரின் கண்முன் நிற்பது கோவலன். கருத்தில் நிற்பவன் அரசன். குடிமக்கள் அரசனுக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்க, அரசனின் ஏவலரும் அவனுக்கு அஞ்சும் ஆட்சியில் ஐயம் எழுப்புவோர் எவரும் நெடுநேரம் ஐயுற இயலாது. திருக்குறளில் வெருவந்த செய்யாமை (57) செங்கோன்மை (55), கொடுங்கோன்மை (56) ஆகிய இரண்டையும் அடுத்துத் தனி அதிகாரமாக நிற்பதன் தேவை இங்கு விளங்குகிறது.

காவலர் இன்னும் பேசி முடிக்கவில்லை. கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொன்றவன் ஆணையிட்டவனும் அல்லன், குற்றம் சாட்டியவனும் அல்லன், ஐயுற்றவனும் அல்லன். வழக்கோடு சற்றும் தொடர்பில்லாத ஒருவன். பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டு, இறுதியில் ஒருவரிடமும் தங்காமல் போகும் முறையை இதனினும் நுட்பமாகக் காட்டிய இலக்கியம் அரிது. வழக்குரை காதையில் அந்தக் களிமகனும் இல்லை, கொல்லனும் இல்லை, காவலரும் இல்லை. அரசன் ஒருவனே பொறுப்பை ஏற்கிறான். அது அவனுக்குப் பெருமையே. ஆயினும் அப்பெருமை ஏனையோர் அனைவரையும் மறைவில் நிறுத்திவிடுகிறது.

இந்திய அரசமைப்பின் 22ஆம் உறுப்பு, கைது செய்யப்பட்ட ஒருவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று விதிக்கிறது. காவலரின் நல்லெண்ணத்தை நம்பாமையே அவ்விதியின் அடிப்படை எனச் சிலர் குறை கூறுவதுண்டு. கொலைக்களக் காதையைப் படித்தவர் அவ்வாறு கூறுவது அரிது. அங்கே காவலரிடம் நல்லெண்ணம் இருந்தது. அவ்வெண்ணம் நிற்பதற்கு ஓர் இடம் மட்டும் இல்லை.

முத்தும் மாணிக்கமும்

வழக்குரை காதையில் (20) கண்ணகி முன்வைக்கும் சோதனை மிக எளியது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; தேவியின் சிலம்பில் உள்ளவை முத்து என்கிறான் அரசன். சிலம்பு கொணரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, உண்மை வெளிப்படுகிறது. இதற்கு நூலறிவு வேண்டுவதில்லை. சான்றாளர் வரிசை வேண்டுவதில்லை. ஒரு நாழிகைப் பொழுதும் வேண்டுவதில்லை. சிலம்பு அரண்மனையிலேயே இருந்தது. இதே வினாவைக் கோவலனிடம் ஒருவர் கேட்டிருப்பின் கதை அங்கேயே முடிந்திருக்கும். கண்ணகி அரசனைத் தேராதவன் என்று விளித்துப் பேசத் தொடங்குவது இதனாலேயே பொருள் பொதிந்ததாகிறது. கொடியவன், காமுகன், அறிவிலி என்று அவள் தொடங்கவில்லை. ஆராயவில்லை என்னும் ஒரே குற்றச்சாட்டை முன்வைக்கிறாள். செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளும் ‘தேர்தல்’ என்னும் அதே வினையைக் கொண்டே முறையை வரையறுக்கிறது: எவரிடத்தும் கண்ணோடாமல் ஆராய்ந்து செய்வது முறை. இவ்விரு நூல்களும் அரசனின் உள்ளத் தூய்மையைவிட அவனுடைய செயல்முறையையே நீதியின் உரைகல்லாகக் கொள்கின்றன.

அடியார்க்கு நல்லாரின் உரை, கானல்வரி நீங்கலாக, ஊர்சூழ் வரி வரையே கிடைத்துள்ளது. வழக்குரை காதைக்கும் அதன்பின் வரும் பகுதிகளுக்கும் அப்பேருரையின் துணை நமக்கு இல்லை. அரும்பதவுரையின் சுருங்கிய குறிப்புகளே உள்ளன. 1892இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பு வெளிவந்த பின் இக்காதைகளுக்கு எழுந்த விளக்கங்களுள் பெரும்பகுதி மேடைத் தமிழின் ஆக்கம். உரையாசிரியர் நின்ற இடத்தில் சொற்பொழிவாளர் நின்றனர். அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் சொற்பொழிவு உச்சக்கட்டத்தை விரும்பும். கொலைக்களக் காதையின் நடைமுறைச் சிக்கல்களில் தங்கி நிற்காது.

வார்த்திகன் வழக்கு

கட்டுரை காதையில் (23) மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றிப் பாண்டியர் குடியின் முறைமையை எடுத்துரைக்கிறது. பாண்டியன் மறையோதும் நாவின் ஓசையைக் கேட்டானேயன்றி ஆராய்ச்சி மணியின் நாவோசையைக் கேட்டதில்லை என்பது அதன் முதற்சான்று. மணி ஒலிக்காமை முறை வழுவாமைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. மணியை அடைய முடிந்தவர் யார் என்ற வினாவை இச்சான்று விட்டுவிடுகிறது. கோவலன் மணியை அடையவில்லை. அயலூரிலிருந்து வந்து விரைவிலேயே கொல்லப்பட்டவனுக்கு மணி எங்கே தொங்குகிறது என்பதுகூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முறையீடு வாராத ஆட்சி நல்லாட்சி என்னும் கணக்கு இன்றும் அலுவலகங்களில் போடப்படுவதுதான்.

தன் கையைத் தானே துணித்துக்கொண்ட பாண்டியனைத் தெய்வம் அடுத்து நினைவூட்டுகிறது. அதன்பின் வருவது வார்த்திகன் கதை. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பராசரன் என்னும் அந்தணன், தங்கால் என்னும் ஊரில் சிறுவன் ஒருவன் பிழையின்றி வேதம் ஓதக் கேட்டு மகிழ்ந்து, தன் அணிகலன்கள் சிலவற்றை அவனுக்கு வழங்குகிறான். சிறுவன் வார்த்திகனின் மகன் தக்கிணாமூர்த்தி. அவ்வணிகளைக் கண்டு பொறாத அரச பணியாளர், புதையல் பொருளை வார்த்திகன் கவர்ந்தான் எனக் குற்றம் சாட்டிச் சிறையிலிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அலமருகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. செய்தி அறிந்த அரசன் உண்மையை ஆராய்ந்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் வழங்கி, நிலத்தில் வீழ்ந்து வணங்குகிறான். கதவு திறக்கிறது.

இக்கதையை எதற்காகத் தெய்வம் கண்ணகியிடம் கூறுகிறது? பாண்டியர் முறை தவறாதவர் என்று காட்டவே. ஆனால் கண்ணகியின் கதையோடு இணைத்துப் படிக்கும்போது அது எதிர்ச்சான்றாகிறது. இருவர்மீதும் சாட்டப்பட்டவை பொன்னணி தொடர்பான பொய்க்குற்றங்கள். இரண்டிலும் குற்றம் சாட்டியோர் அரசோடு ஒட்டி வாழ்பவர். இரண்டிலும் முதலில் ஆராய்ச்சி இல்லை. வேறுபாடுகள் இரண்டு. வார்த்திகன் சிறையிலிடப்பட்டான், கோவலன் கொல்லப்பட்டான். வார்த்திகன் மனைவியின் கண்ணீருக்குக் கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. கோவலனுக்கு அத்தகைய கதவு ஒன்றும் மூடவில்லை. வேதம் ஓதும் குடியினனுக்காகத் தெய்வம் முன்னே வந்தது. அயல்நாட்டு வணிகனுக்காக அது பின்னே வந்தது, ஊர் எரிந்துகொண்டிருந்தபோது.

இதனினும் முதன்மையானது அக்கதையின் முடிவு. அரசன் வார்த்திகனை விடுவித்ததோடு நின்றுவிடவில்லை. சிறைக்கோட்டங்களைத் திறக்கச் செய்கிறான். இறைகடன் பட்டாரை அக்கடனினின்று விடுவிக்கிறான். புதையலாயினும் பிறர் இட்ட பொருளாயினும் பெற்றவர்க்கே உரியது என அறிவிக்கிறான். எந்த விதியைக் கருவியாகக் கொண்டு பணியாளர் வார்த்திகனைச் சிறையிட்டனரோ அந்த விதியையே மாற்றிவிடுகிறான். பழந்தமிழ் இலக்கியத்தில் ஓர் அநீதிக்கு அரசு அளித்த முழுமையான விடை இதுவே எனலாம்: பாதிக்கப்பட்டவர்க்கு ஈடு, அரசனின் பணிவு, விதியின் திருத்தம். கோவலன் கொலைக்குப் பின் இம்மூன்றனுள் எதுவும் நிகழவில்லை. அரசன் இறந்தான். விதி எதுவும் மாறியதாகக் காப்பியம் கூறவில்லை.

மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையை (19) இங்கு நினைவுகூரலாம். சாத்தனாரின் கதைத்தலைவி அரசனிடம் தனக்கென எதுவும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகிறாள். தண்டிக்கும் இடத்தையே மாற்றும் வேண்டுகோள் அது. தந்தை ஆராய்ச்சியின்றிக் கொல்லப்பட்ட ஒருத்தியின் வாயிலிருந்து அது வருவதற்குத் தனி ஆழம் உண்டு.

ஊழ் கூறும் கதை

கட்டுரை காதையின் இறுதிப் பகுதி பழவினையைக் கூறுகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை ஆண்ட வசு, கபிலபுரத்தை ஆண்ட குமரன் என்னும் இருவரிடையே பகை நிலவிய காலம். சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரம் வந்து அணிகலன் விற்கிறான். வசுவிடம் பணிபுரிந்த பரதன், இவன் பகைவனின் ஒற்றன் என்று காட்டிக் கொல்விக்கிறான். நீலி பதினான்கு நாள் புலம்பித் திரிந்து, தமக்கு இத்துயர் செய்தவர் இதனையே எய்துக எனச் சாபமிட்டு உயிர் விடுகிறாள். அந்தப் பரதனே கோவலன்.

காப்பியத்தின் ஊழ்க்கொள்கைக்குச் சான்றாக இக்கதை எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஊழை நம்புவோர்க்கு இங்கே கணக்கு முடிகிறது. ஊழை மறுப்போர்க்கு இது பிற்போக்கின் அடையாளமாகிறது. இரு சாராரும் கதையின் உள்ளடக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. அயலூர் அங்காடியில் அணிகலன் விற்க வந்த வணிகன். அரச பணியாளன் ஒருவனின் பொய்க்குற்றச்சாட்டு. ஆராயாமல் கொல்லும் அரசன். நீதி கேட்டு அலையும் மனைவி. ஊழின் கதை மதுரைக் கதையின் மறுபடி. வார்த்திகனைச் சிறையிட்டவர்களையும் சங்கமனைக் காட்டிக்கொடுத்தவனையும் குறிக்கக் காப்பியம் ‘கோத்தொழில்’ என்னும் ஒரே சொல்லையே ஆள்கிறது. ஒரே காதைக்குள் ஒரே சொல் இருமுறை ஆளப்படுவது தற்செயல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு பிறவியில் கோத்தொழிலின் கருவியாக நின்று பிறனைக் கொல்வித்தவன் அடுத்த பிறவியில் கோத்தொழிலை ஒட்டி வாழ்வோனின் பொய்யால் கொல்லப்படுகிறான்.

எனவே ஊழ் இக்காப்பியத்தில் அரசின் பொறுப்பை நீக்கும் விளக்கமாக அமையவில்லை. ஊழை எவ்வளவு தொலைவு பின்தொடர்ந்து சென்றாலும் அங்கும் ஆராயாத ஓர் அரசனும் அஞ்சாது பொய் கூறும் ஒரு பணியாளனுமே காணப்படுகின்றனர். கோவலனுக்கு இது ஏன் நேர்ந்தது என்ற வினாவுக்கு ஊழ் விடை தரலாம். இதற்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு அது விடை தருவதில்லை. தர வேண்டும் என்று காப்பியமும் எதிர்பார்க்கவில்லை. இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவன் பாண்டியனே. இறக்கும் தறுவாயில் அவன் கூறுவனவற்றுள் ஊழ் என்ற சொல்லோ பழவினை என்ற எண்ணமோ இடம்பெறவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கிறான். குடிகாவல் தன்னால் பிழைத்தது என்கிறான். ஊழைப் பேசுவோர் தெய்வமும் சேரனும் கதைசொல்லியும். குற்றம் செய்தவன் ஊழைச் சுட்டித் தப்பிக்கவில்லை. ஊழ் என்னும் நம்பிக்கையை வலியோர் தம் செயலுக்கு மறைப்பாகப் பயன்படுத்தும்போது, அவர்கள் பாண்டியன் மறுத்த ஒன்றைப் பாண்டியன் பெயரால் செய்கின்றனர். திருவள்ளுவர் ஊழ் அதிகாரத்தை (38) அறத்துப்பாலின் இறுதியில் நிறுத்தி, அதனை அடுத்து இறைமாட்சியில் (39) பொருட்பாலைத் தொடங்குகிறார். அரசியல் பேசப் புகும்போது ஊழ் வாயிலுக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். வாழ்த்துக் காதையில் தெய்வமான கண்ணகி, பாண்டியன் தீதிலன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகிறாளே என்பது அது. மறுப்பு வலியது. பாதிக்கப்பட்டவளே மன்னித்தபின் பிறர் குற்றம் கூறுதல் தகுமோ? மன்னித்தல் பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதனை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் அது ஒரு மனிதனுக்கு வழங்கப்படும் மன்னிப்பு. ஆராயாமல் ஆணையிடும் முறைக்கு வழங்கப்படும் ஏற்பு அன்று. மேலும் அக்குரல் எழும் இடம் வஞ்சியில் சேரன் எடுப்பித்த கோயில். மதுரையில் குருதி தோய்ந்த கணவன் உடலைக் கண்டு வந்த பெண் பேசியது வேறு. இரண்டனையும் காப்பியம் பதிவு செய்கிறது. பின்னதைக் கொண்டு முன்னதை அழித்துப் படிக்க வேண்டிய கட்டாயம் வாசகர்க்கு இல்லை.

ஆயிரவர்

நீர்ப்படைக் காதை (27) தரும் செய்தி ஒன்று பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் உயிர்ப்பலியாக ஊட்டினான் என மாடலன் செங்குட்டுவனிடம் கூறுகிறான். செழியன் அரியணை ஏறிய செய்தி அதனை அடுத்தே சொல்லப்படுகிறது. உரைபெறு கட்டுரையும் இதனைக் குறித்து, வறட்சியும் நோயும் நீங்கி மழை பெய்தது என்று முடிக்கிறது. எண்ணிக்கை காப்பிய மிகை எனக் கொள்ளலாம். ஆயிரம் நூறாக இருந்திருப்பினும், பத்தாக இருந்திருப்பினும் வினா மாறாது. பொய் கூறியவன் ஒருவன். கொல்லப்பட்டவர் அவன் தொழிலைச் செய்தவர் அனைவரும். அவர்களுள் எவர் எக்குற்றம் செய்தார் என ஆராயப்பட்டதா?

ஆராயாமல் ஒருவனைக் கொன்றது கொடுங்கோல் என்று காப்பியம் முழுவதும் முழங்குகிறது. ஆராயாமல் ஆயிரவரைக் கொன்றது சாந்தி என்று வழங்கப்படுகிறது. முன்னதைச் செய்தவன் உயிர் விட்டான். பின்னதைச் செய்தவன் முடி சூடினான். மக்கள் நம்பிக்கை பின்னதற்குத் துணை நிற்கிறது; மழையும் பெய்துவிடுகிறது. அதிகாரத்தின் செயலுக்கு நம்பிக்கை ஒப்புதல் அளிக்கும்போது தேர்தல் என்னும் கடமை ஓசையின்றி மறைந்துபோவதைக் காப்பியத்தில் காட்டும் இடம் இதுவே. ஊழ் பற்றிய பகுதி அன்று. இளங்கோவடிகள் இதனை ஏற்றுக் கூறினாரா, காலத்தின் செய்தியாகப் பதிந்தாரா என்பது வாதத்துக்குரியது. ஒரு சொல்லும் கூட்டாமல், இரங்கலும் இன்றிப் புகழ்ச்சியும் இன்றி அவர் அதனைக் கூறிச் செல்வது இரு பொருளுக்கும் இடமளிக்கிறது.

பிறப்பையும் தொழிலையும் கொண்டு ஒரு குழுவினர் அனைவரையும் குற்றவாளிகளாகக் கொள்ளும் வழக்கம் பழங்காப்பியத்தோடு முடிந்துபோனதன்று. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, குற்றம் செய்தாரா என்று ஆராயாமலேயே கைரேகை பதிந்து, இரவில் இருப்பிடத்தைக் கட்டுப்படுத்தும் முறை சில சமூகத்தார்மீது சுமத்தப்பட்டது. அதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அவ்வூரும் மதுரை வட்டாரத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அரசியல் அமைப்பும் காலமும் வேறு. ஆயினும் களவு நூலை எடுத்துரைத்து ஒரு வணிகனைக் கள்வனாக்கிய அறிவுத் தோரணையும், சாதி அட்டவணைகளை வகுத்துப் பல்லாயிரவரைப் பிறவிக் கள்வராக்கிய அலுவலறிவும் ஒரே வாதமுறையில் இயங்குவதை ஒப்பிட்டு நோக்காமல் விடுவதற்கில்லை.

வழக்குரை காதையைத் தனித்துப் பாடமாக வைக்கும்போது மாணவர்க்குக் கிடைப்பது ஓர் அரசனின் உயர்ந்த இறப்பு. கொலைக்களக் காதையும் கட்டுரை காதையும் நீர்ப்படைக் காதையின் அப்பகுதியும் உடன் வைக்கப்படின், ஓர் ஆணை எவ்வாறு கொலையாகிறது, ஒரு திருத்தம் எவ்வாறு விதியாகிறது, ஒரு பழி எவ்வாறு ஒரு குலத்தின்மேல் ஏறுகிறது என்னும் மூன்றையும் அவர்கள் ஒருங்கே காண முடியும். பாடத்திட்டக் குழுக்கள் கருத வேண்டியது இது. ஆய்வாளர்க்கு எஞ்சியிருக்கும் பணி வேறு. வார்த்திகனுக்குப் பெயர் உண்டு; அவன் மகனுக்கும் மனைவிக்கும் பெயர் உண்டு; அவனுக்கு வழங்கப்பட்ட ஊர்களுக்கும் பெயர் உண்டு. சிலம்பைத் திருடிய கொல்லனுக்குப் பெயர் இல்லை. அவன் என்ன ஆனான் என்பதும் கூறப்படவில்லை. மதுரையின் தீயில் வெந்தானா, கொற்கைச் செழியன் பலியிட்ட ஆயிரவருள் ஒருவனாக இருந்தானா, இரண்டிலும் தப்பினானா என்பதற்குக் காப்பியத்தில் விடை இல்லை.